சேகரண்ணை பூட்டிவிட்டுப் போனவை

செய்தி வந்தபோது நான் ஒரு தொலைபேசியின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காலை பத்தரை இருக்கும். நீர்வேலிச் சந்தியில் எங்கள் கடைக்கு முன்னால் வாழைக்குலை ஏற்றும் லொறி ஒன்று நின்று இரைந்துகொண்டிருந்தது. அதனால் சேகரண்ணையின் மனைவி கமலாக்கா என் தொலைபேசியில் சொன்னது முதலில் விளங்கவில்லை. "தயா, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்று அவர் இரண்டாம் முறை சொன்னார். நெஞ்சு நோகிறது என்று முற்றத்தில் கதிரை போட்டு இருந்தவர், ஆசுப்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்க முன்னரே போய்விட்டார். ஈயம் உருக்கும் அயனை அணைக்காமலே ஓடினேன். அது மேசையைச் சுட்ட தழும்பு இன்னமும் இருக்கிறது.

ஒரு கிழமை கழிய, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் அடிக்கப்போவதாகவும், நான் இரண்டு பக்கம் எழுதவேண்டும் என்றும் கமலாக்கா கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இந்த மலர்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் தேவாரம், நடுவில் வம்சாவளி, பின்னால் எங்களைப் போன்றவர்களின் புகழுரை. என்னிடம் பத்துப் பதினைந்து மலர்கள் இருக்கின்றன. அவற்றை நம்பினால் இந்தக் குடாநாட்டில் பொய் சொன்னவர் ஒருவர்கூட இதுவரை செத்ததில்லை. நான் முதலில் எழுதியதும் அந்த வகைதான். அதைக் கிழித்துவிட்டேன். இப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டாவது.

ஞானசேகரம் என்ற சேகரண்ணை கச்சேரி அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். நான் தொலைபேசி திருத்துபவள். ஏழு வருடத்துக்கு முன்னர் ஒருநாள், பிரித்துப்போட்ட மடிக்கணினி ஒன்றைத் தட்டத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, கோயிலுக்குப் படையல் கொண்டுபோவது போலக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"பிள்ளை, எனக்கு மூளை கிடக்கு, கண் பத்தாது. உனக்குக் கண் கிடக்கு. சேர்ந்து பாப்பமோ?"

"எனக்கு மூளையும் கிடக்கு அண்ணை" என்றேன்.

"அப்ப நல்லாச் சண்டை பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அதன்பிறகு அந்தக் கதிரை அவருடையது.

சொன்னபடியே சண்டை பிடித்தோம். விண்டோஸுக்குப் பதில் எந்த இலவச லினக்ஸைப் போடுவது என்பதற்கு ஒரு கிழமை. அவருக்குப் பழையது, அசையாதது வேண்டும். எனக்குச் சனம் பார்த்தவுடன் விரும்பக்கூடியது வேண்டும். ஒருமுறை கோபத்தில் செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார். அடுத்தநாள் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்து, "உன்ரை பக்கம் ஒரு நியாயம் இருக்குத்தான். ஆனா ஒண்டுதான்" என்றார். கண்ணுக்கு முன்னால் எதிர்த்துக் கதைப்பவரை எனக்குப் பிடிக்கும். அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஊர்க்காரர் சிலர், அங்கே ஒரு நிறுவனம் கழித்துவிட்ட மடிக்கணினிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். முப்பத்தெட்டு. பிறக்கும்போதே மலிவாய்ப் பிறந்தவை. மூடி பிளாஸ்திக், அதைப் பிடித்திருக்கும் கொக்கிகள் அப்பளம். கோப்புகளைச் சேமிக்கும் பகுதியைக்கூடக் கழற்ற முடியாதபடி பலகையோடு ஒட்டியிருந்தார்கள். மின் ஆளியைத் தட்டினால் ஒரு பூட்டுப் படமும், இது நிறுவனத்தின் உடைமை, கடவுச்சொல்லைத் தா என்ற வசனமும் வரும். பென்டிரைவில் லினக்ஸ் வைத்திருந்து என்ன பயன்? பென்டிரைவைத் திரும்பிப் பார்க்கவே அது கடவுச்சொல் கேட்டது. அனுப்பியவர்களுக்கும் அது தெரியவில்லை.

கடவுச்சொல் இருப்பது பலகையில் எட்டுக் கால்களோடு ஒட்டியிருக்கும் ஒரு சிறிய சிப்பில். பற்றறியைக் கழற்றி, அந்தச் சிப்பை ஒரு கிளிப்பால் கவ்வி, உள்ளே இருப்பதை வேறொரு கணினிக்குப் படியெடுத்து, கடவுச்சொல் இருக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக்கித் திருப்பி எழுதவேண்டும். கை ஒரு மயிரளவு நடுங்கினால் முடிந்தது. பழகும்வரைக்கும் இரண்டைக் கொன்றோம். ஒன்பதாம் நாள் ஒன்று திறந்தது. லினக்ஸைப் போட்டோம். பட்டியல் முழுவதும் தமிழில் வந்தபோது சேகரண்ணை எழும்பி நின்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "பூட்டைத் திட்டாதை பிள்ளை. திறப்பு ஆரின்ரை இடுப்பிலை கிடக்கு எண்டு பார். சாமான் ஒருத்தரிட்டையும் திறப்பு வேறை ஒருத்தரிட்டையும் இருந்தா, அது குடுத்தது இல்லை, கட்டிவைச்சது."

முப்பத்தாறையும் ஒரே முறையில் செய்தோம். நான் முதுகைத் திறப்பேன், கிளிப்பைப் பிடிப்பேன், அவர் எழுதுவார். பிறகு நான் மூடி ஸ்குரூக்களைப் பூட்டுவேன். அவற்றை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைத்திருப்போம். கடைசியில், "நீ மூடிப்போட்டுத் தா, செற்றிங்குகளை நான் பாக்கிறன்" என்று வாங்கித் தன் பக்கம் திருப்பிவைத்து ஏதோ தட்டுவார். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் நான் தேநீர் வைப்பேன்.

முதலில் முடிந்த ஐந்தைச் சனத்துக்குக் கொடுத்தோம். அதில் ஒன்று ஒரே மாதத்தில் திரும்பி வந்தது. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு, லினக்ஸை அழித்துவிட்டுக் களவாய் எடுத்த விண்டோஸ் ஒன்றைப் போட்டிருந்தார். வைரஸ் புகுந்து, அந்த மெலிந்த கணினி மூச்சு விடவே முடியாமல் கிடந்தது. சேகரண்ணை அதை மடியில் வைத்து, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கும் எரிச்சல்தான். ஆனால், "அது அவையின்ரை சாமான் அண்ணை. நாங்கள் என்ன செய்யேலும்?" என்றேன்.

"ஓம். கிணத்துக்கை போட்டாலும் அவையின்ரை" என்றார்.

நான் நம்பினேன். அவர் எதிர்த்துக் கதைக்காததே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

மிச்சம் முப்பத்தொன்றையும் வாசிகசாலை மண்டபத்தில் வைத்துக் கொடுத்தோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். எனக்கு மேடை பழக்கமில்லை. இருந்தும் அண்ணை என்னைத்தான் பேசவைத்தார். இந்தக் கணினிக்குள் எந்தப் பூட்டும் இல்லை, இதை எப்படி வைத்திருப்பதென்று இனி எங்களைக்கூட நீங்கள் கேட்கத் தேவையில்லை, இதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். அரியாலையில் பரவைக்கடலில் மீன்பிடித் தொழில் செய்யும் செல்லத்துரை அண்ணை எழும்பி, திரையில் இருந்த லினக்ஸ் சின்னமான பென்குயினை வாத்தாக்கிக் காட்டி, "உந்தத் தாரா எங்கடை கடலுக்கு வாறேல்லையே" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்து சேகரண்ணையும் தட்டினார்.

அந்தக் கைதட்டல்தான் இப்போது எனக்குப் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

அதன்பிறகு எந்தக் கணினியிலாவது பிழை என்று வந்தால், "உதை நான் வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன், நீ உன்ரை வேலையைப் பார்" என்பார். அடுத்தநாள் சரியாக்கிக் கொண்டுவருவார். அக்கறை என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்தேன்.

செத்தவீட்டன்று நான் செய்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். அண்ணையின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். நீல மட்டை. யாருடைய வைஃபைக்கு என்ன கடவுச்சொல், எந்தக் கணினிக்கு என்ன பிழை என்று எல்லாவற்றையும் அதில் எழுதுவார். அந்தக் கொப்பி இல்லாத சட்டையோடு அவரைப் பெட்டியில் பார்க்க எனக்கு ஏலவில்லை. மேசையில் கிடந்ததை எடுத்துவந்து, வாய்க்கரிசி போட்ட கையாலேயே அதை அவருடைய சட்டைப்பையில் செருகினேன். பேனையையும் செருகினேன். பார்த்து நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நல்ல காரியம் செய்தாய் என்று ஒரு அம்மா என் தோளைத் தடவினார். பெட்டி சுடலைக்குப் போனது. எங்கள் வழக்கப்படி பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம்.

இந்த மலரை அழகுபடுத்தித் தருபவள் சுகிர்தா. அச்சகத்துக்காக வீட்டில் இருந்து வேலை செய்கிறாள். முப்பத்தொன்றில் ஒன்று அவளுடையது. வம்சாவளி, படங்கள், என் புகழுரை எல்லாவற்றையும் அதில்தான் அடுக்கியிருந்தாள். பதினாறாம் நாள் காலை, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. பற்றறியும் கிழடு. அரைவாசியில் அணைந்தது பிறகு எழும்பவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, மலர் உள்ளுக்கை கிடக்கு. அச்சகம் மாதிரிப் பிரதியை வெள்ளிக்கிழமைக்கு முதல் கேக்குது."

"பயப்பிடாதை. பென்டிரைவிலை லினக்ஸ் கிடக்கு. அதாலை எழுப்பி உன்ரை கோப்பை வெளியிலை எடுப்பம். பத்து நிமிச வேலை."

பென்டிரைவைச் செருகி ஆளியைத் தட்டினேன். கறுப்புத் திரையில் ஒரு பெட்டி வந்தது. கடவுச்சொல் கேட்டது.

பழைய நிறுவனத்தின் பூட்டை நாங்கள் தவறவிட்டிருக்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது அந்தத் திரை அல்ல. நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தில் 'சேகரம்' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. யாரோ புதிதாகப் போட்டிருந்தார்கள், வழக்கமாய் எழுப்பும்போது தெரியாமல், பென்டிரைவால் எழுப்பினால் மட்டும் கேட்கும்படி. யாரோ என்ன யாரோ? நான் தேநீர் வைத்த அந்த ஐந்து நிமிடம்.

சுகிர்தாவைக் கடையில் இருத்திவிட்டுக் கமலாக்காவிடம் போனேன். அவர் மா அரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"உனக்குத் தெரியும் எண்டல்லோ நான் இருந்தனான்" என்றார். பிறகு அரிதட்டைக் கீழே வைத்தார். "இல்லை. உனக்குத் தெரியாதுதான். சொன்னவர். பிள்ளைக்குச் சொல்லாதை, அவள் சண்டைக்கு வருவாள் எண்டு சொன்னவர்."

"ஏன் போட்டவர் அக்கா?"

"அந்த வட்டுக்கோட்டைக் கணினி வந்த பிறகு. சனம் உதை வைச்சிருக்கத் தெரியாமல் நாசமாக்கிப்போடும், நான் இருக்குமட்டும் நான் பாத்துக்கொள்ளுறன் எண்டவர். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சொல்லு. அந்தச் சின்னக் கொப்பியிலை எழுதி வைச்சவர்."

எந்தக் கொப்பி என்று நான் கேட்கவில்லை. கமலாக்கா அரிதட்டை மறுபடி கையில் எடுத்தார். முப்பத்தொரு கடவுச்சொற்களையும் நானே அவருடைய நெஞ்சில் வைத்து அனுப்பியிருந்தேன்.

கடைக்கு வந்து சுகிர்தாவுக்கு உள்ளதைச் சொன்னேன். அவளுக்கு முன்னாலேயே முதுகைத் திறந்தேன். இந்தக் கணினிகளின் கொக்கிகள் இரண்டாம் முறை திறப்பதற்குச் செய்யப்பட்டவை அல்ல. நான்கு உடைந்தன. கிளிப்பைக் கவ்வவைத்தபோது, எதிரில் கதிரையில் அவர் இல்லாததால் எழுதும் வேலையையும் நானே செய்தேன். பின்னேரத்துக்குள் பூட்டு நீங்கியது. மலரை வெளியே எடுத்துக் கொடுத்தேன். முதல் வேலையாக என் இரண்டு பக்கத்தை அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

சுகிர்தா கணினியைப் பையில் வைத்தாள். "நீங்களும் சேர்ந்துதானே அக்கா செய்தனீங்கள்?" என்றாள்.

"எனக்குத் தெரியாது சுகிர்தா. சத்தியமாய்த் தெரியாது."

"ஓம்" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "இப்ப நீங்கள் ஒண்டும் போடேல்லைத்தானே?"

அவளில் பிழை இல்லை. இதற்கு நான் பொறுப்பு என்று மண்டபத்தில் சொன்னவள் நான். அண்ணை பூட்டியது கணினியை மட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். என் வாக்கையும் சேர்த்தே பூட்டினார். நிறுவனம் செய்தபோது அதைக் கட்டிவைப்பது என்று சொன்னவர், தான் செய்தபோது அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்படியே வைத்தாலும், என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டும். எனக்குத் தெரிந்திருந்தால் நான் மேடை ஏறியிருக்கமாட்டேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை ஏற்றினார்.

அதன்பிறகு வீடு வீடாகப் போனேன். நடந்ததைச் சொல்லி, பூட்டை நீக்கித் தருகிறேன் என்று கேட்டேன். இந்தப் பத்து நாளில் எட்டைத் திறந்திருக்கிறேன். ஒன்று என் கையிலேயே செத்தது. நீர்வேலியில் தையல் தைக்கும் ஒரு அம்மாவுடையது. அவர் என்னைத் திட்டவில்லை. "சேகரம் இருந்திருந்தா உது செத்திராது" என்றார். உண்மைதான். கடவுச்சொல் அவரிடம் இருந்தது. என்னிடம் கிளிப் மட்டும்தான் இருக்கிறது.

அரியாலைக்கும் போனேன். செல்லத்துரை அண்ணை கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அந்தக் கணினியில்தான் கனடாவில் இருக்கும் மகளோடு பின்னேரங்களில் கதைப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு, "சேகரம் பூட்டினவரெண்டா ஏதோ காரணம் இருக்கும். நீ அதுக்குள்ளை கை வையாதை பிள்ளை" என்றார்.

"அது உங்கடை சாமான் அண்ணை. திறப்பு உங்களிட்டை இருக்கவேணும்."

"ஓம், என்ரை சாமான். அதாலைதான் வேண்டாம் எண்டுறன்."

அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் நான்கு வீட்டிலும் இதே கதைதான். ஏமாற்றியவரை ஊர் நம்புகிறது, உள்ளதைச் சொல்லவந்தவளைச் சந்தேகமாகப் பார்க்கிறது. உலகம் அப்படித்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் மிச்சக் கணினிக்காரரும் இருக்கிறீர்கள். திறக்க விருப்பமானால் கொண்டுவாருங்கள். திறக்கும்போது செத்தும் போகலாம், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். உங்களைப் பக்கத்தில் இருத்தி, உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் திறப்பேன். கடைசி ஐந்து நிமிட வேலை உங்களுடையது. கடவுச்சொல் வைப்பதானால் நீங்களே வையுங்கள், நான் மற்றப் பக்கம் திரும்பியிருப்பேன். வேண்டாம் என்றாலும் சரி, அது உங்கள் சாமான்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன்னர் கமலாக்காவிடம் காட்டினேன். வெட்டச் சொன்னால் முழுவதையும் எடுத்துவிடுவது, அரைகுறையாகப் போடுவதில்லை என்ற முடிவோடு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"இப்பிடியே அடிக்கட்டும்" என்றார். "சனம் கதைக்கும். கதைச்சுப்போட்டுப் போகட்டும். ஒண்டு மட்டும் சேர்த்து எழுது தயா. உன்னிலை நம்பிக்கை இல்லாமல் அவர் ஒளிக்கேல்லை. உன்னோடை கதைச்சா தோத்துப்போவன் எண்டு தெரிஞ்சுதான் ஒளிச்சவர்."

சேர்த்துவிட்டேன் அக்கா. ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை. தோற்றிருக்கலாம். தோற்பது அவ்வளவு பெரிய காரியமா? ஏழு வருடத்தில் நான் அவரிடம் எத்தனை முறை தோற்றிருக்கிறேன்.

அண்ணையின் கிளிப், ஸ்குரூ திருகிகள், கதிரை எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்று கமலாக்கா சொல்லியிருக்கிறார். அவை கடைச் சாமான்கள், கடையில் இருக்கும். என்னுடையதென்று நான் வைத்துக்கொள்வது அவர் எனக்குத் தராமல் ஒளித்துக்கொண்டு போன அந்த ஒரு சண்டையை. ஒவ்வொரு கணினியின் முதுகைத் திறக்கும்போதும் அதை முதலில் இருந்து தொடங்குகிறேன். என் நியாயம் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவர் என்ன சொல்லியிருப்பார் என்றும் நானே சொல்லிப்பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்தான் வெல்கிறேன். வென்று என்ன, கோபம் தீரவில்லை.